பிரேம் முதல்தரம், உள்ளே இருக்கும் தாள்தான் வம்பு

என் மருமகள் மலாக்கா யுரேசியப் பெண், அதாவது ஐரோப்பியரும் ஆசியரும் கலந்த வம்சம், குடும்பப் பெயர் செக்கேரா. சம்பந்தியின் 60வது பிறந்தநாளுக்கு என்ன வாங்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, மலேசியாவில் நெகிரி செம்பிலான் மாநிலத்துப் பகாவ் டவுனில் படத்துக்கு பிரேம் போடும் கடையொன்றில் 'குடும்பப் பெயர் வரலாறு, சின்னத்தோடு' என்ற அட்டை கண்ணில் பட்டது. 95 வெள்ளி (ரிங்கிட்). ஐந்து நாள் என்றார்கள், பதினொன்று ஆயிற்று. சரி, போகட்டும்.

பிரேமில் குறை சொல்ல முடியாது. கனமான மரம், மூலைகளில் பிசிறே இல்லை, வீட்டுக் கல்யாணப் படங்களைக்கூட இனி இங்கேதான் கொடுப்பேன்.

தாளில்தான் கோட்டை விட்டார்கள். செக்கேரா என்றால் 'தேடுபவர்' என்று போட்டிருந்தது! போர்த்துகீசில் சேக்கு என்றால் காய்ந்தது, செக்கேரு என்றால் வாய்க்கால் தண்ணீர் இல்லாமல் மழையை நம்பி விதைக்கிற நிலம், அதாவது நாம் சொல்கிற வானம் பார்த்த பூமியேதான். அந்த மாதிரி நிலத்தை வைத்து ஊருக்குப் பெயர் வந்தது, ஊரை வைத்து ஆளுக்கு.

அதோடு விட்டார்களா, 1509ல் ஐந்து கப்பலோடு மலாக்காவுக்கு வந்த போர்த்துகீசியத் தளபதி தியோகோ லோப்பஸ் டி செக்கேராதான் சம்பந்தியின் மூதாதை என்று ஒரு வரி. ஞானஸ்நானம் வாங்கும்போது ஞானத்தகப்பன் பெயரையோ சாமியார் பெயரையோ எடுத்துக்கொண்டவர்கள் எத்தனையோ பேர், தூத்துக்குடி பெர்னாண்டோக்கள் எல்லாம் லிஸ்பனிலிருந்தா வந்தார்கள்? அந்தச் சின்னமும் அப்படித்தான், ராஜா ஒரு ஆளுக்கோ அவர் வம்சத்துக்கோ கொடுத்தது, அதே பெயர் வைத்த எல்லாருக்கும் சொந்தமில்லை.

வேறு ஊர்க் கடை என்றால் பேசாமல் இருந்திருப்பேன். ஜப்பான்காரன் காலத்தில், 1943 கடைசியில், சிங்கப்பூர் யுரேசியர்களையும் சீனக் கத்தோலிக்கர்களையும் கொண்டுவந்து காட்டை வெட்டிப் பயிர் செய்யச் சொன்ன இடம் இதே பகாவ், மலேரியாவில் செத்தவர்கள் கொஞ்சநஞ்சமில்லை, அவர்களுடைய பிஷப்பும் 1945ல் கண்ணை மூடினார். இந்த ஊரில் இந்த மாதிரிப் பெயரை அச்சடிக்கிறவர் ஒரு தடவையாவது யாரிடமாவது கேட்டிருக்கலாம்.

திரும்பப் போய்ச் சொன்னேன். தம்பி முகம் சுளிக்கவில்லை, "நீங்க எழுதிக் குடுங்க அங்கிள், ஃப்ரீயா மாத்தித் தரேன்" என்றார். அதற்காக மூன்று நட்சத்திரம்.

எழுதிக் கொடுக்கலாம் என்று சம்பந்தியைக் கேட்டால், அவர் அதற்குள் தாளை உருவிவிட்டுத் தன் கல்யாணப் படத்தைப் போட்டு ஹாலில் மாட்டிவிட்டார்.