ராமநாதபுரத்தில் பழைய கிராபிக்ஸ் கார்டு வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

ராமநாதபுரம் டவுனில் செகண்ட்ஹேண்ட் கிராபிக்ஸ் கார்டு (கம்ப்யூட்டரில் கேம் படங்களைத் திரையில் ஓட்டும் பாகம்) வாங்க நினைப்பவர்கள் பணத்தைக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். என்விடியா கம்பெனியின் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ மாடல் என்று ஸ்டிக்கர் ஒட்டி, உள்ளே 2010-இல் வந்த சிப்பை வைத்து விற்கிறார்கள். என் தம்பிக்கு அப்படித்தான் ஒன்றைத் தலையில் கட்டிவிட்டார்கள்.

எங்களுக்குத் தங்கச்சிமடம். வீட்டில் இருப்பது ஆபீஸில் கழித்துவிட்ட பழைய ஐ5 டெஸ்க்டாப். கேம் விளையாடினால் திக்கித் திக்கி ஓடும். தம்பி நன்றாக விசாரித்துத்தான் 1050 டிஐ என்று முடிவு செய்தான். அது 75 வாட்ஸ் கார்டு. பெரும்பாலான மாடல்களுக்குத் தனி பவர் ஒயர் வேண்டாம், ஸ்லாட்டிலேயே கரண்ட் எடுத்துக்கொள்ளும். கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ். பழையதே போதும் என்பது அவன் கணக்கு.

கடையில் எடுத்துக் கொடுத்த கார்டில் 6 பின் பவர் கனெக்டர் இருந்தது. "இது ஹெவி மாடல் தம்பி, உங்க எஸ்.எம்.பி.எஸ். தாங்காது" என்று சொல்லி அதையும் ஒன்று விற்றார்கள். கார்டு 6,500, எஸ்.எம்.பி.எஸ். 1,200. பில் கேட்டதற்கு வெள்ளைத் துண்டுச் சீட்டில் "1050 டிஐ 4 ஜிபி, 1 வருட வாரண்டி" என்று எழுதிக் கொடுத்தார்கள். கிளம்பும்போது ஒரு எச்சரிக்கை வேறு: "நாங்க போட்டுக் கொடுத்த டிரைவரை மட்டும் அப்டேட் பண்ணிடாதீங்க." டிரைவர் என்பது கார்டை விண்டோஸோடு சேர்த்து இயங்க வைக்கும் மென்பொருள்.

சின்ன கேம்கள் ஓடின. கொஞ்சம் பெரிய கேமைத் திறந்தால் சில நிமிஷத்தில் சிஸ்டம் அப்படியே உறைந்துவிடும். என்விடியா தளத்திலிருந்து புது டிரைவர் போட்டதும் திரை கறுத்துப்போனது. அப்புறம்தான் கார்டுக்குள் என்ன சிப் இருக்கிறது என்று காட்டும் ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை ஓட்டிப் பார்த்தோம். கார்டின் பெயருக்கு முன்னாலேயே 'ஃபேக்' என்று காட்டியது. சிப் ஜிஎஃப்106, அதாவது ஜிடிஎஸ் 450 என்ற பழைய கார்டின் சிப். அசல் 1050 டிஐ 2016-இல் வந்தது, அதில் 768 கோர்கள் (சிப்புக்குள் கணக்குப் போடும் பகுதிகள்); இதில் இருப்பது 192.

கார்டு தன்னைப் பற்றிச் சொல்லும் விவரங்கள் அதற்குள் பயாஸ் என்ற சின்ன மென்பொருளில் இருக்கும். அதில் பெயரையும் மெமரி அளவையும் மாற்றி எழுதிவிடுகிறார்கள். விண்டோஸ் அந்தப் பயாஸ் சொல்வதை நம்பி டிவைஸ் மேனேஜரில் 1050 டிஐ என்றே காட்டும். 4 ஜிபி என்று சொல்லும் கார்டில் உண்மையில் 1 ஜிபிதான் இருக்கும். கேம் அதைத் தாண்டி மெமரி கேட்கிற நொடியில் எல்லாம் நின்றுபோகும். ஃபெர்மி என்ற இந்தப் பழைய தலைமுறைச் சிப்களுக்குப் புது கேம் டிரைவர்கள் தருவதை என்விடியா 2018-லேயே நிறுத்திவிட்டது. அதனால்தான் அப்டேட் செய்யாதே என்றார்கள். கடைக்காரரும் எங்கோ மொத்தமாக வாங்கி ஏமாந்திருப்பார் என்று முதலில் நினைத்தேன். அந்த ஒரு வார்த்தை இல்லையென்றால் இப்போதும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

தம்பியோடு நானும் கடைக்குப் போனேன். "தங்கச்சிமடமாம்மா? கடலோரத்துல வச்சா உப்புக்காத்து அரிச்சிரும். அதுக்கெல்லாம் வாரண்டி கிடையாது" என்றார். உப்புக்காற்று என்ன செய்யும் என்று எங்களுக்குத் தெரியாதா? ஸ்க்ரூ துருப்பிடிக்கும், செம்பில் பச்சை பூக்கும். இந்தக் கார்டில் ஒரு ஸ்க்ரூகூட மங்கவில்லை. அதோடு, உப்புக்காற்று 768 கோரை 192 ஆக்குமா? ஜிபியு-இசட் திரையைக் காட்டினேன், "அந்த சாப்ட்வேர் தப்புக் காட்டுதும்மா" என்று முடித்துவிட்டார். அப்போது மீன்பிடித் தடைக்காலம், அப்பாவுக்குத் தொழில் இல்லை. தம்பி ராமேஸ்வரம் லாட்ஜ் ஒன்றில் வேலை பார்த்துச் சேர்த்த காசு இது. அவன் கடையில் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அதுதான் ஆறவே இல்லை.

வாங்கப் போகிறவர்கள் ஜிபியு-இசட்டை பென் டிரைவில் கொண்டுபோய், கடையின் சிஸ்டத்திலேயே கார்டைப் போட்டு ஓட்டிப் பாருங்கள். அது முடியாவிட்டால் பின்பக்கத்தையாவது பாருங்கள். 1050 டிஐ உள்ள 10 சீரிஸ் சிப்களில், பழைய மானிட்டர் ஒயர் மாட்டும் அனலாக் விஜிஏ வெளியீடே கிடையாது. நீலநிற விஜிஏ போர்ட்டோடு 1050 டிஐ என்று நீட்டினால் உடனே சந்தேகப்படுங்கள். எங்கள் கார்டில் அந்தப் போர்ட்டும் இருந்தது.

ஏற்கெனவே வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 வருஷத்துக்குள் மனு போடலாம். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. நாங்கள் 1915-இல் பதிவு செய்துவிட்டோம், ஆணையத்துக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். ஜிஎஸ்டி பில் இல்லாவிட்டாலும் துண்டுச் சீட்டும், கூகுள் பேயில் பணம் போன விவரமும், ஜிபியு-இசட் ஸ்கிரீன்ஷாட்டும் கையில் இருக்கின்றன. இதே மாதிரி கார்டு உங்கள் வீட்டிலும் இருந்தால், அந்தச் சீட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஸ்டிக்கரையும் உரிக்காமல் நாலு பக்கமும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.