மிஸ்ட்: இயந்திரம் தெரிந்தவர்களுக்கு ஒரு தீவு

கோவை கணபதியில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். நான் விளையாடிய முதல் கம்ப்யூட்டர் விளையாட்டு 'மிஸ்ட்'. 2014இல் வந்த 'ரியல்மிஸ்ட்: மாஸ்டர்பீஸ் எடிஷன்' பதிப்பைக் கல்லூரியில் படிக்கும் மகள் 'ஸ்டீம்' என்ற இணைய விளையாட்டுக் கடையில் வாங்கிக் கொடுத்தாள். என் வயதுக்காரர்கள் தயங்காமல் தொடங்கலாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

சுடுவது, துரத்துவது, நேரம் முடிவதற்குள் தாண்டுவது எதுவும் இதில் கிடையாது. ஆளரவமற்ற ஒரு தீவில் நிற்கிறீர்கள். நூலகம் திறந்தே இருக்கிறது; கப்பல், ராக்கெட், கடிகாரக் கோபுரம் என்று மற்றவை முடங்கிக் கிடக்கின்றன. என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. ஒவ்வொன்றையும் இயக்க வைத்தால் வேறோர் உலகத்துக்கு வழி திறக்கும்.

இதை உருவாக்கியவர்கள் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த ரேண்ட் மில்லர், ராபின் மில்லர் என்ற சகோதரர்கள். 1993இல் மேகிண்டாஷ் கணினிக்காக, அசையாத படங்களை ஒன்றோடொன்று கோத்துச் செய்தார்கள். அறுபது லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. 2002இல் 'தி சிம்ஸ்' முந்தும்வரை கம்ப்யூட்டர் விளையாட்டுகளில் விற்பனையில் முதலிடம் இதற்குத்தான். என்னிடமுள்ள பதிப்பில் விருப்பம்போல் நடக்கலாம்; பழைய முறைப்படி சொடுக்கிச் சொடுக்கியும் நகரலாம். புதியவர்களுக்குச் சொடுக்கும் முறையே நல்லது, தலை சுற்றாது.

என்னைக் கட்டிப்போட்டது ஜெனரேட்டர் அறை. படியிறங்கிப் போனால் பத்துப் பொத்தான்கள், இரண்டு மீட்டர்கள். ஒவ்வொரு பொத்தானும் ஒவ்வோர் அளவு வோல்டேஜ் கூட்டுகிறது. ஒரு மீட்டர் இங்கே உற்பத்தியாவதைக் காட்டுகிறது, மற்றொன்று ராக்கெட்டுக்குப் போய்ச் சேர்வதை. தேவைக்கு மேல் ஏற்றினால் முதல் முள் அப்படியே நிற்கிறது, இரண்டாவது பூஜ்யத்தில் விழுகிறது. உற்பத்தி இருக்கிறது, சப்ளை போய்ச் சேரவில்லை என்றால் நடுவில் எங்கோ பிரேக்கர் ட்ரிப் ஆகி, மின்சாரத்தைத் தானாகத் துண்டித்திருக்கிறது என்றுதான் பொருள். வெளியே வந்து மின்கம்பி போகும் வழியே நடந்து, கோபுரத்தில் ஏறி அதைத் திரும்பப் போட வேண்டும். பட்டறையில் அன்றாடம் செய்யும் யோசனை இது. விளையாட்டைச் செய்தவர்கள் மின்சாரத்தை அதன் இயல்புப்படியே நடக்க விட்டிருக்கிறார்கள் என்று மனம் நிறைந்துபோனது. எத்தனை வோல்ட் தேவை என்று இங்கே சொல்ல மாட்டேன். தேடிக் கண்டுபிடிக்கும் மகிழ்ச்சியை யாரிடமிருந்தும் பறிக்கக் கூடாது.

சேனல்வுட் என்ற உலகமும் அப்படித்தான். காற்றாலை நீரை இறைக்கிறது. மரப்பாதையோரம் ஓடும் குழாய் பிரியும் இடங்களில் எல்லாம் ஒரு திருப்பி இருக்கிறது. எந்தப் பக்கம் திருப்புகிறோமோ அந்தப் பக்கத்து லிஃப்டோ பாலமோ இயங்கும். கோபி பக்கம் வாய்க்காலில் மடை திருப்பி வளர்ந்தவர்களுக்கு இந்த உலகம் சொந்த வயலைப் போல இருக்கும். குழாய்க்குள் தண்ணீர் ஓடும் ஓசையைக் கேட்டுக்கொண்டே பின்தொடரலாம். இதைச் செய்தவர் கைகளைத் தொட்டுக் கும்பிடலாம்.

குறைகளும் உண்டு. ராக்கெட்டுக்குள் ஐந்து சுரங்களைக் காதால் மட்டுமே பிடித்து, தள்ளுகட்டைகளில் பொருத்த வேண்டும். என் மனைவி தேவாரம் பாடுகிறவர். அவர் உட்கார்ந்து சுரம் சொல்லச் சொல்லத்தான் பொருத்தினேன். காது மந்தமானவர்களுக்கு அந்த இடத்தில் கண்ணால் பார்க்கும்படி ஒரு குறிப்பாவது வைத்திருக்க வேண்டும். அதன் வழியாகப் போகும் உலகத்தின் சுரங்கப்பாதையும் ஒலியை நம்பியே இருக்கிறது, நீளமாகவும் இருக்கிறது. முழு விளையாட்டிலும் அலுப்புத் தட்டியது அங்கே மட்டும்தான். நூலகத்துக் குறிப்பேடுகள் கையெழுத்து ஆங்கிலத்தில் உள்ளன, அவற்றில்தான் துப்புகள் ஒளிந்திருக்கின்றன. மகள் வாசித்துப் பொருள் சொன்னாள். தமிழில் வந்திருந்தால் எங்கள் தெருவில் பாதிப் பேர் விளையாடுவார்கள்.

பக்கத்தில் ஒரு நோட்டும் பென்சிலும் வைத்துக்கொள்ளுங்கள். சின்னங்கள், எண்கள், பொத்தான்களின் வரிசை எல்லாவற்றையும் வரைந்து வைப்பது அவசியம். விடை சொல்லும் வீடியோக்களைத் திறக்காதீர்கள். இரண்டு நாள் தள்ளி வைத்துவிட்டுத் திரும்பினால் வழி தானாகத் தோன்றும். இதன் தொடர்ச்சியாக 1997இல் வந்த 'ரிவன்' என்ற விளையாட்டைத் தீபாவளிக்கு வாங்கித் தரும்படி மகளிடம் கேட்டிருக்கிறேன்.