குதிரைப் போட்டிக்கு ‘உடை செட்’ வாங்கும் சேலம் பெற்றோர்களுக்கு: பணம் கொடுக்கும் முன் தொப்பியின் உள்பக்கத்தைப் பாருங்கள்

ஏப்ரல் முதல் ஞாயிற்றுக்கிழமை, ஓசூரைத் தாண்டி பெங்களூர்ப் புறநகரில் நடந்த தொழில்முறை சாராதோருக்கான குதிரையேற்றப் போட்டி ஒன்றில், 14 வயதான என் மகளைக் களத்துக்குள் இறங்கவே விடவில்லை. குதிரையிடமும் குறையில்லை, அவளுடைய பயிற்சியிலும் குறையில்லை. நான் 26,800 ரூபாய் கொடுத்து வாங்கிய போட்டி உடைதான் அவளை வெளியே நிறுத்தியது. சேலத்திலிருந்து இன்னும் சில பிள்ளைகள் இதே வழியில் போகத் தயாராகிக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டதால், நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன்.

ஏற்காட்டு ஏரிக்கரையில் வாடகைக் குதிரையில் ஒரு சுற்று வந்ததில் தொடங்கிய ஆசை அவளுடையது. இரண்டு ஆண்டுகளாக வார இறுதிகளில் சேலத்துக்கு வெளியே உள்ள ஒரு பயிற்சி நிலையத்துக்குப் போய்வருகிறாள். விவகாரம் இப்போது நுகர்வோர் ஆணையத்தில் இருப்பதால் நிலையத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. தயவுசெய்து யாரும் ஊகித்தும் எழுத வேண்டாம். பிப்ரவரியில் அங்குள்ள மாஸ்டர், 60 சென்டிமீட்டர் உயரத் தடை தாண்டும் பிரிவில் அவளைச் சேர்க்கலாம் என்றார். நாங்கள் மகிழ்ந்துபோய்ச் சரி என்றதும், கையால் எழுதிய ஒரு பட்டியலை நீட்டினார். கறுப்புக் கோட் 7,500, இரண்டு வெள்ளை பிரீச்சஸ் (குதிரையேற்றத்துக்கான இறுக்கமான கால்சட்டை) 5,600, சட்டையும் டையும் 2,200, முழங்கால் வரையிலான பூட்ஸ் 6,500, ஹெல்மெட் 3,200, சாட்டை, ஸ்பர் (பூட்ஸின் குதிகாலில் மாட்டும் குத்துமுள்), கையுறை எல்லாம் சேர்த்து 1,800. “இதெல்லாம் கட்டாயம் சார். ஒண்ணு குறைஞ்சாலும் உள்ளே விடமாட்டாங்க. வெளியே வாங்கினா ரூல்ஸுக்கு ஒத்துவராது, நம்மகிட்டயே எடுத்துக்குங்க” என்றார். போட்டி நடத்துபவர்கள் அனுப்பிய விதிமுறைத் தாளைக் கேட்டேன். அது இங்கிலீஷில் நாற்பது பக்கம் இருக்கிறது, அவசியமானதை நானே எடுத்துச் சொல்லிவிட்டேன் என்றார். அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்க வேண்டும். பணத்தை ஜிபேயில் அனுப்பினேன். பில் கேட்டதற்கு ‘எஸ்டிமேட்’ என்று தலைப்பிட்ட துண்டுச்சீட்டு ஒன்று கிடைத்தது.

போட்டி நாளன்று பயிற்சிக் களத்துக்குப் போகும் வாயிலில், ஸ்டீவர்ட் என்ற பொறுப்பில் இருந்த ஒரு பெரியவர் ஒவ்வொரு பிள்ளையின் உடையையும் பார்த்து அனுப்பிக்கொண்டிருந்தார். என் மகளின் கோட்டை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. “தொப்பியைக் கழற்றிக் கொடும்மா” என்று அந்த ஹெல்மெட்டை வாங்கி, தலைகீழாகத் திருப்பி, உள்ளே இருந்த துணி விளிம்பை விரலால் விலக்கி எதையோ தேடினார். பிறகு இரண்டு கட்டைவிரல்களையும் தொப்பியின் இரு பக்கமும் வைத்து மெதுவாக அழுத்தினார். முற்றிய தேங்காய் ஓடு போல இருக்க வேண்டிய அது, பிளாஸ்டிக் வாளியைப் போல உள்வாங்கியது. பின்புறம் ஒட்டியிருந்த ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் காட்டி, அதிலுள்ள ஐ.எஸ். 4151 என்ற எண் இருசக்கர வாகன ஹெல்மெட்டுக்கு உரியது என்றும், இந்தத் தொப்பி அந்தத் தரத்துக்கும் தேறாது என்றும், ஸ்டிக்கரை யாரோ தனியாக ஒட்டியிருக்கிறார்கள் என்றும் சொன்னார். அவர் குரலில் கோபமில்லை. சொல்லப்போனால், இதற்கு முன்பும் இப்படிப் பார்த்துப் பழகிய சலிப்புதான் இருந்தது.

அடுத்து பூட்ஸ். அடிப்பாகத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, குதிகால் தட்டையாகவும் அடிப்பாகம் மழைக்கால பூட்ஸ் போலப் பட்டை பட்டையாகவும் இருப்பதைக் காட்டினார். சாட்டையை அளந்தார், அது 110 சென்டிமீட்டர். அந்தப் போட்டியில் தடை தாண்டும் பிரிவுக்கு அனுமதி 75 தான். ஸ்பரின் நீளமும் அனுமதித்த 4 சென்டிமீட்டரைத் தாண்டியிருந்தது, அதைவிட இந்தப் பிரிவில் பிள்ளைகளுக்கு ஸ்பரே தேவையில்லை என்று சொல்லிக் கழற்றி என் கையில் கொடுத்தார். கடைசியாக அவர் சொன்னதுதான் எனக்கு நெஞ்சில் தைத்தது: வெயில் காரணமாக அன்று காலையே கோட் போட வேண்டாம் என்று அறிவித்துவிட்டார்களாம். 7,500 ரூபாய்க் கோட்டை அவள் இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றாள்.

கர்நாடகத்திலிருந்து வந்திருந்த ஓர் அம்மா, தன் மகனின் ஹெல்மெட்டைத் தானே முன்வந்து கொடுத்தார். போட்டுப் பார்த்தோம். ஸ்டீவர்ட் அவள் தலையை இடவலமாக ஆட்டச் சொன்னதும் அது புருவத்துக்கு இறங்கி வந்துவிட்டது. தரமான ஹெல்மெட்டே ஆனாலும் அளவு பொருந்தாவிட்டால் ஏறக்கூடாது என்று மறுத்துவிட்டார். அந்த நிமிடத்தில் அவர்மீது எரிச்சல்தான் வந்தது. இப்போது அந்த மனிதருக்கு நன்றி சொல்லத் தோன்றுகிறது. அவள் வேலியோரம் நின்று மற்றவர்கள் தாண்டுவதைக் கடைசிவரை பார்த்தாள். தொப்பூர் கணவாய் தாண்டும் வரை காரில் யாரும் பேசவில்லை.

அங்கேயே அறிவிப்புப் பலகையில் அந்த நாற்பது பக்க விதிமுறை ஒட்டப்பட்டிருந்தது. உண்மையில் பதினொரு பக்கம். உடை பற்றியது ஒரே பக்கம். தொடக்கப் பிரிவினர் கழுத்துப்பட்டி உள்ள சட்டையை உள்ளே செருகி, வெளிர் நிற பிரீச்சஸ் போட்டால் போதும். முழங்கால் பூட்ஸுக்குப் பதிலாகக் கணுக்கால் பூட்ஸும் அதே நிறத்தில் முழங்கால் வரை காலைச் சுற்றிக் கட்டும் தோல் உறையும் அணியலாம். கையுறை அவரவர் விருப்பம். கோட் விரும்பத்தக்கது, கட்டாயமில்லை. ‘கட்டாயம்’ என்ற சொல் வந்த இடங்கள் மூன்றே: சோதனைத் தரம் பெற்ற ஹெல்மெட், குதிரைமேல் இருக்கும் நேரமெல்லாம் அதன் வார் பூட்டியிருத்தல், குதிகால் உள்ள பூட்ஸ். மாஸ்டர் விதியை அப்படியே தலைகீழாக்கி விற்றிருந்தார். கண்ணுக்குத் தெரிவதற்கெல்லாம் காசு வாங்கி, உயிரைக் காக்க வேண்டியதற்குப் போலியைக் கொடுத்திருந்தார்.

நான் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். முத்திரையையும் எடையையும் பார்த்துச் சரக்கு வாங்குவதுதான் என் பிழைப்பு. அப்படிப்பட்டவன் ஒரு ஸ்டிக்கரை நம்பினேன் என்பதை வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். மறுநாள் காலை அந்தத் தொப்பியைப் பட்டறைத் தராசில் வைத்தேன், 290 கிராம். உள்துணியைப் பிரித்ததும் விரல் தடிமனுக்கும் குறைவான ஸ்பாஞ்சு மட்டும் இருந்தது. அடியை வாங்கி நசுங்க வேண்டிய கெட்டித் தெர்மாகோல் அடுக்கே இல்லை. துணியின் மடிப்புக்குள் தைத்திருந்த ஒரு சிறு பட்டையில், இது ஆடைப் பொருள் மட்டுமே, தலைக்காப்பு அன்று என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது. செய்தவன் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறான். விற்றவர்தான் அதை மறைத்து, மேலே ஒரு முத்திரையை ஒட்டியிருக்கிறார். பிறகு நான் வாங்கிய ஹெல்மெட் 9,400 ரூபாய், 540 கிராம்.

தரம் என்றால் என்னவென்று தெரியாமல் ஏமாந்தவன் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். குதிரையேற்ற ஹெல்மெட்டின் உள்பக்கத்தில், தைத்தோ அழியாமல் அச்சிட்டோ ஒரு தர எண் இருக்க வேண்டும். பொதுவாகப் போட்டிகளில் ஏற்பவை அமெரிக்கத் தரமான ஏ.எஸ்.டி.எம். எஃப் 1163, ஐரோப்பியத் தரங்களான வி.ஜி.1, இ.என். 1384, பிரிட்டனின் பி.ஏ.எஸ். 015, ஸ்னெல் அமைப்பின் இ வரிசை ஆகியவை. இவற்றில் இ.என். 1384 இருந்தால் பக்கத்தில் உள்ள ஆண்டையும் பாருங்கள். 2017-க்கு முந்தைய பழைய பதிப்பைப் பல இடங்களில் ஏற்பதில்லை. எண் சரியாக இருந்தாலும் ஒருமுறை பலமாக விழுந்தபின் அந்த ஹெல்மெட்டை மாற்றிவிட வேண்டும், ஏனென்றால் உள்ளடுக்கு ஒருமுறை நசுங்குவதற்காகவே செய்யப்பட்டது. அளவுக்கு, புருவத்துக்கு மேலே ஓர் அங்குலம் விட்டு, காதுகளுக்கு மேலாகத் தலையின் பின்மேட்டைச் சுற்றித் துணி டேப்பால் அளந்துகொண்டு போங்கள்.

பூட்ஸ் விஷயமும் அழகுக்கானது அன்று. சேணத்திலிருந்து தொங்கும், கால் வைக்கும் வளையமான அங்கவடிக்குள் பாதம் முழுதும் நுழைந்துவிடாமல் தடுப்பது அந்த ஓர் அங்குலக் குதிகால்தான். பட்டை பட்டையான அடிப்பாகம் அங்கவடியில் சிக்கிக்கொண்டால், விழுந்த பிள்ளையைக் குதிரை இழுத்துக்கொண்டே ஓடும். இரண்டு மாதம் என் மகள் அந்த பூட்ஸைப் போட்டுக்கொண்டுதான் பயிற்சி செய்தாள்.

பிரீச்சஸின் முழங்கால் ஒட்டுத்துணி இரண்டாம் சலவையிலேயே பெயர்ந்துவிட்டது. பெட்டியில் ஜெர்மன் கொடி, உள்ளே கான்பூர் முகவரி. கான்பூரில் செய்ததில் எந்தக் குறையும் இல்லை. அந்த ஊரின் சேணத்துக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது, வெளிநாட்டுக்கும் போகிறது. கான்பூர்ச் சரக்குக்கு ஜெர்மன் விலை வாங்கியதுதான் குறை.

மாஸ்டரிடம் கேட்டபோது, “அவங்க ரொம்ப ஓவரா பாக்கறாங்க சார். அந்தக் காலத்துல பெரிய பெரிய ஆளுங்களே வெறும் தொப்பியிலதான் ஏறினாங்க” என்றார். அது பாதி உண்மை. டிரெசாஜ் எனப்படும் நடைப் போட்டியின் உயர்நிலைப் பிரிவுகளில் பட்டுத்தொப்பி அணிவது நெடுங்கால வழக்கம். ஆனால் 2008 ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காக ஏறிய கோர்ட்னி கிங்-டை, 2010 மார்ச்சில் பயிற்சியின்போது ஹெல்மெட் இல்லாமல் விழுந்து மண்டை உடைந்து பல நாள் நினைவின்றிக் கிடந்தார். குதிரை துள்ளவில்லை, கால் இடறியது, அவ்வளவுதான். அதன்பின் எழுந்த பேச்சு ஓயவில்லை. 2021 ஜனவரி 1 முதல் சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு டிரெசாஜிலும் எல்லோருக்கும் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கிவிட்டது. அந்தக் காலத்தை மேற்கோள் காட்டும் மாஸ்டர், இந்தக் காலத்துப் பிள்ளையிடம்தான் கட்டணம் வாங்குகிறார்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு முதலில் சிரிப்பு, பிறகு மௌனம். மூன்றாம் வாரம், 6,000 ரூபாய் தருவதாகவும், இனி யாரிடமும் இதைப் பற்றிப் பேசமாட்டேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும் என்றும் இடையாள் ஒருவர் வந்தார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். நிலையத்திலிருந்து பதில் வராததால் சேலம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. வாங்கியது எந்த ஊரானாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். பில் தராமல் விற்பதே முறையற்ற வணிக நடைமுறை என்று 2019-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வதால், என் கையில் பில் இல்லாதது எனக்கு எதிரானது என்று பயந்திருந்தது வீண். ஜிபே பதிவும், அந்த ‘எஸ்டிமேட்’ சீட்டும், வாட்ஸ்அப்பில் அவர் ‘கட்டாயம்’ என்று அனுப்பிய குரல்பதிவும் இப்போது மனுவோடு இருக்கின்றன.

இதே பட்டியலை உங்களிடமும் யாராவது நீட்டினால், போட்டி நடத்துபவர்களின் விதிமுறைத் தாளை அவர்களிடமிருந்தே நேராக வாங்கி, உங்கள் பிள்ளையின் பிரிவுக்குரிய உடைப் பக்கத்தை நீங்களே வாசித்துவிடுங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் இன்று இரவே தொப்பியின் உள்துணியை விலக்கிப் பாருங்கள். என்னுடையதைப் போலவே பின்புறம் ஒட்டிய முத்திரையும் மடிப்புக்குள் தைத்த ஆங்கிலப் பட்டையும் இருந்தால், இரண்டையும் கிழிக்காமல் புகைப்படம் எடுத்து வைத்துக்கொண்டு எனக்குச் செய்தி அனுப்புங்கள். ஒரே விற்பனையாளரிடம் வாங்கிய பலர் ஆணையத்தின் அனுமதியோடு சேர்ந்தும் மனு கொடுக்க முடியும் என்று வழக்கறிஞர் சொல்கிறார். என் மகளின் தொப்பியை உறையில் போட்டு முத்திரை வைத்திருக்கிறேன். கோட்டை மட்டும் அவள் எடுத்துக்கொண்டாள். தோளில் இறுக்கமாக இருந்த தையலை அம்மாப்பேட்டைத் தையல்காரர் நூற்றைம்பது ரூபாய்க்குப் பிரித்துச் சரிசெய்து கொடுத்தார்.