வெள்ளவத்தை கணித வகுப்பு: ஆப் வேண்டாம், அந்தக் கமரா போதும்

மகள் இந்த வருடம் சாதாரண தரப் பரீட்சை (ஓஎல்) எழுதுகிறாள். கணிதத்துக்கு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருக்கிற ரியூசன் வகுப்பில் சேர்த்திருக்கிறோம் (பெயர் போடவில்லை, அந்தப் பக்கம் பிள்ளையை அனுப்புகிறவர்களுக்குத் தெரியும்). நேரில் போனால் மாதம் 3,500 ரூபா, சூமில் என்றால் 2,500, இரண்டு பேருக்கும் ரெக்கோர்டிங் உண்டு. விளம்பரத்தில் ஸ்மார்ட் போர்ட், சொந்த ஆப், ஏஐ என்று ஒரு பெரிய பட்டியலே இருக்கிறது. என்னைக் கேட்டால், கட்டுகிற காசுக்குப் பெறுமதியான சாமான் அந்தப் பட்டியலிலேயே இல்லை. படிப்பிக்கிற சேரின் மேசைக்கு மேலே ஸ்டாண்டில் கவிழ்த்து மாட்டியிருக்கிற ஒரு பழைய போன்தான் அது.

ஓஎல் கணிதத்துக்குக் கல்குலேட்டர் கொண்டுபோக முடியாது, மடக்கை (லொக்) அட்டவணைதான். மண்டபம் நிறையப் பிள்ளைகள் இருக்கும்போது அந்தப் பொடி எழுத்து அட்டவணையை எந்தப் பலகையில் காட்டுவது? இங்கே சேர் அட்டவணையையே கமராவுக்குக் கீழே விரித்து, 27.43 என்றால் 27 இருக்கிற நிரையில் விரலை வைத்து, 4க்குக் கீழே வரைக்கும் நகர்த்தி, அப்படியே வலப்பக்கம் போய் இடை வித்தியாசம் என்ற நிரல்களில் 3க்குக் கீழே உள்ளதையும் எடுத்துக் கூட்டிக் காட்டுகிறார். கடைசி வாங்கில் இருக்கிற பிள்ளைக்கும், வத்தளையில் வீட்டில் இருந்து பார்க்கிற பிள்ளைக்கும் ஒரே விரல்தான் தெரிகிறது. விளங்காவிட்டால் இரவு ரெக்கோர்டிங்கை நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். மகள் கேள்வியைப் படமெடுத்து ஏதோ ஒரு ஏஐ செயலியிலும் போட்டுப் பார்த்தாள். விடை சரி, ஆனால் கல்குலேட்டரில் தட்டியதுபோல ஒரே வரியில் வந்தது, அதை அப்படியே எழுதினால் செய்முறைக்குரிய புள்ளி போய்விடும்.

அடுத்த நல்ல விஷயம் வீட்டு வேலை. கொப்பியைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால், சிவப்பில் கீறித் திருத்தி, கூடவே ஒரு குரல் பதிவு வரும்: "பிள்ளை, மூன்றாம் வரியில அடைப்பை நீக்கேக்க மைனஸை விட்டிட்டீர், அதுக்குப் பிறகு முறை எல்லாம் சரி." பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பையே பார்க்கிற ரீச்சருக்கு இதற்கெல்லாம் நேரம் எங்கே?

சரி, அந்த ஆப். அதில் இருப்பது முழுக்கப் பல்தேர்வு வினாக்கள். சரியான விடையைத் தொட்டால் பலூன் பறக்கிறது. ஓஎல் கணிதத்தில் பல்தேர்வே கிடையாது! முதலாம் பத்திரத்தில் 25 சிறுவினா, அப்புறம் 5 கட்டமைப்பு வினா, இரண்டாம் பத்திரம் முழுக்கச் செய்முறை எழுத வேண்டியது. பிறகு யாருக்காக அந்தப் பலூன்?

நேரலைச் சூம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்களைப் பூட்டியபோது மகன் படித்த இலவசச் சூம் வகுப்பு 40 நிமிடத்தில் அறுந்துவிடும், 2022இல் மின்வெட்டு வேறு. அந்தத் தொல்லைகள் இப்போது இல்லை. ஆனால் எல்லோருடைய கமராவும் மைக்கும் மூடியிருக்க, சட்டில் (chat) எழுதிக் கேட்ட கேள்வியை உதவிக்கு நிற்கிற தம்பி கண்டால்தான் சேரிடம் போகும். தானாகக் கேள்வி கேட்காத பிள்ளை என்றால், 1,000 ரூபா கூடினாலும் நேரில் அனுப்புங்கள்.

எனக்கு இருக்கிற பெரிய கோபம் ரெக்கோர்டிங் ஒரு வாரத்தில் அழிந்துவிடுவது. பரீட்சைக்கு முன் மீட்டல் செய்யும்போதுதானே தரம் 10 பாடம் திரும்பத் தேவைப்படும்? கேட்டால், "அன்ரி, பிள்ளைகள் லிங்கை மற்றவைக்கு அனுப்பினம்" என்கிறார்கள். சரி, அது அவர்கள் பிழைப்பு, விளங்குகிறது. அதற்காகக் காசு கட்டின பிள்ளைக்கும் பூட்டு ஏன்? பரீட்சை முடியும்வரை விட்டால் என்ன?

வகுப்பு அலுவலகத்தில் கடந்தகால வினாத்தாள் கட்டு ஒன்று 1,200 ரூபாவுக்கு விற்கிறார்கள், வாங்க வேண்டாம். பரீட்சைத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் வினாத்தாள்கள் இருக்கின்றன, கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் பாடப்புத்தகங்கள் தமிழில் பிடிஎஃப்பாக இலவசம், கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ என்ற கற்றல் தளத்திலும் தமிழ்ப் பாடங்கள் உண்டு. தேவையானதை இறக்கி, பக்கத்துப் போட்டோக்கொப்பிக் கடையில் அச்செடுத்துக்கொள்ளுங்கள்.