விடை தெரிந்த பிறகும் பார்க்கும் தொடர்கள்

என்னிடம் நீல அட்டை போட்ட நோட்டு ஒன்று இருக்கிறது. 2014ஆம் ஆண்டிலிருந்து முழுதாகப் பார்த்து முடித்த ஒவ்வொரு தொலைக்காட்சித் தொடரின் கதைக்கருவையும் அதில் ஒரே வரியில் எழுதி வருகிறேன். பக்கத்தில் ஒரு சிறு கட்டம், அதே தொடரை எத்தனை முறை பார்த்தேன் என்ற கணக்குக்கு. அந்தக் கட்டத்தைப் போடத் தொடங்கியது நான்கைந்து ஆண்டுகள் கழித்துத்தான். இன்று எனக்கு வழிகாட்டுவது அதுதான். வரியைப் படித்தால் உடனே பார்க்கத் தோன்றும், ஆனால் கட்டத்தில் ஒன்றோடு நின்றுவிட்ட தொடர்கள் நிறைய இருக்கின்றன. வரி சாதுவாக இருந்தும் நான்கு, ஐந்து என்று ஏறியவை சில. இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று பல இரவுகள் யோசித்திருக்கிறேன். அதைத்தான் இங்கே பகிர்கிறேன்.

முடிவுகளைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது. 'பிராட்சர்ச்', 'தி குட் பிளேஸ்' இரண்டையும் இனிமேல்தான் பார்க்கப்போகிறீர்கள் என்றால், பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

மர்மத் தொடர்களிலிருந்து தொடங்குகிறேன். நான் அதிகம் ஏமாந்தது அங்கேதான். 'ட்வின் பீக்ஸ்' தொடருக்கு நோட்டில் இருக்கும் வரி: "மரம் அறுக்கும் மலையூரில், பிளாஸ்டிக் உறையில் சுற்றப்பட்ட இளம்பெண்ணின் உடல் கரையில் கிடக்கிறது, லாரா பால்மரைக் கொன்றது யார்?" 1990 ஏப்ரலில் அமெரிக்காவின் ஏபிசியில் தொடங்கிய இதை டேவிட் லின்ச்சும் மார்க் ஃப்ராஸ்டும் உருவாக்கினார்கள். கொலையாளியைச் சொல்லிவிட வேண்டும் என்ற அவசரம் அவர்களுக்கு இல்லை. தொலைக்காட்சி நிறுவனத்துக்கு இருந்தது. நெருக்குதல் தாங்காமல் இரண்டாவது சீசனின் நடுவிலேயே விடையைச் சொல்ல வேண்டியதாயிற்று. அதன்பின் கதை திக்குத் தெரியாமல் அலைந்தது, 1991இல் நிறுத்தப்பட்டது. நானும் அந்த இடத்தில்தான் சிக்கிக்கொண்டேன். மிச்ச எபிசோடுகளை முடிக்க ஏழெட்டு மாதம் ஆயிற்று. கட்டத்தில் ஒன்று.

ஆனால் முதல் எபிசோடை மட்டும் மூன்று முறை பார்த்திருக்கிறேன். மகளைக் காணோம் என்று தாய் தந்தைக்குத் தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கிறாள். அந்த நேரத்தில் ஷெரிஃப் வந்து நிற்கிறார். அவர் முகத்தைப் பார்த்ததுமே தந்தைக்குப் புரிந்துவிடுகிறது. ரிசீவர் கை நழுவித் தொங்குகிறது. கேமரா அதன் வயரைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கீழே இறங்குகிறது, ரிசீவருக்குள்ளிருந்து தாயின் கதறல் கேட்கிறது. யார் கொன்றது என்ற கேள்வியை நம்பி இந்தக் காட்சி நிற்கவில்லை. அதனால்தான் இது பழசாகவில்லை என்று நினைக்கிறேன்.

'பிராட்சர்ச்' இதே முடிச்சை எடுத்துக்கொண்டு வேறு மாதிரி கட்டியது. 2013இல் பிரிட்டனின் ஐடிவியில் வந்தது, எழுதியவர் கிறிஸ் சிப்னால். கடலோரச் சிற்றூர், செங்குத்தான பாறைச் சுவர், அதன் அடியில் டேனி என்ற பதினொரு வயதுச் சிறுவனின் உடல். விசாரிக்க வருபவர் வெளியூர்க்காரரான அலெக் ஹார்டி. அவருக்குக் கீழே வேலை செய்யும் எல்லி மில்லர் அந்த ஊர்ப் பெண், தனக்கு வரவேண்டிய பதவி அவருக்குப் போய்விட்ட வருத்தத்தில் இருப்பவள். எட்டு எபிசோடுகளில் முதல் சீசன் முடிந்துவிடுகிறது. கொன்றவன் எல்லியின் கணவன்.

முதல் முறை பார்த்தபோது இந்த முடிவு என்னை அடித்துப்போட்டது. இரண்டாம் முறை பார்க்க என்ன இருக்கப்போகிறது என்று இரண்டு ஆண்டு தள்ளிப்போட்டேன். பார்த்தபோது வேறொரு தொடராக இருந்தது. எல்லி களைத்து வீடு திரும்பும் ஒவ்வொரு மாலையும், வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த மனிதனிடம் அன்றைய நாளைப் பற்றிப் பேசும் ஒவ்வொரு வார்த்தையும் நெஞ்சில் கனத்தது. முக்கியமாக ஓர் இடம். தன் வீட்டுக்குள்ளேயே கணவன் செய்த கொடுமை தனக்குத் தெரியாது என்று சொல்லும் ஒரு பெண்ணைப் பார்த்து, ஒரே வீட்டில் இருந்துகொண்டு அது எப்படித் தெரியாமல் இருக்கும் என்று எல்லி கேட்கிறாள். கடைசி எபிசோடில் டேனியின் தாய் அதே கேள்வியை எல்லியைப் பார்த்துக் கேட்கிறாள். முதல் தடவை அந்த முதல் கேள்வி என் காதில்கூட ஏறவில்லை. இரண்டாம் தடவை, அதைக் கேட்டதும் நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றேன். இந்தத் தொடரின் ஒரு வரியை நான் தப்பாக எழுதி வைத்திருந்தேன் என்று அன்றுதான் புரிந்தது. "சிறுவனைக் கொன்றது யார்" என்பதை அடித்துவிட்டு, "ஊரையே சந்தேகிக்க வேண்டிய வேலை, அந்த ஊரிலேயே பிறந்தவளுக்கு வாய்க்கிறது" என்று மாற்றினேன். இரண்டாவது சீசன் நீதிமன்றத்திலேயே சுற்றிச் சுற்றி வந்ததால் எனக்குப் பிடிக்கவில்லை. மூன்றாவது நன்றாக இருந்தது. கட்டத்தில் மூன்று, முதல் சீசனுக்கு மட்டும்.

நகைச்சுவைத் தொடர்களில் கதைக்கரு பெரும்பாலும் ஓர் இடம்தான். ஓர் அலுவலகம், ஒரு காபிக்கடை, ஒரு குடும்பம், அவ்வளவுதான். அது குறையில்லை. ஆனால் 'தி குட் பிளேஸ்' வேறொரு துணிச்சலைச் செய்தது. மைக்கேல் ஷூர் உருவாக்கி, 2016 முதல் 2020 வரை என்பிசியில் நான்கு சீசன்கள் வந்தது. எலனோர் என்ற பெண் கண் விழிக்கிறாள். எதிர்ச்சுவரில் எல்லாம் நலமே என்று எழுதியிருக்கிறது. அவள் இறந்துவிட்டாள், சொர்க்கத்துக்கு வந்திருக்கிறாள். ஆனால் தவறுதலாக வந்திருக்கிறாள். அவள் வாழ்க்கையில் ஒரு நல்லதும் செய்தவள் இல்லை. பிடிபடாமல் இருக்க, பக்கத்தில் இருக்கும் தத்துவப் பேராசிரியர் சிடியிடம் நல்லவளாக இருப்பது எப்படி என்று பாடம் கேட்கத் தொடங்குகிறாள்.

பதின்மூன்றாவது எபிசோடில் அவளே கண்டுபிடிக்கிறாள், அது சொர்க்கமே இல்லை. அவளையும் சிடியையும் சேர்த்து நால்வரை, ஒருவரை ஒருவர் வதைத்துக்கொள்ளும்படி சேர்த்து வைத்த நரகம் அது. அந்தக் கணத்தில், அந்த இடத்தை நடத்துபவராக வரும் டெட் டான்சன் முகத்தில் வரும் சிரிப்பு இருக்கிறதே, அதுவரை கனிவான தாத்தாவைப்போல இருந்த முகம் அப்படியே வேறாகிவிடும். அவருக்கும் எலனோராக நடித்த கிறிஸ்டன் பெல்லுக்கும் மட்டும்தான் இந்த ரகசியம் தொடக்கத்திலிருந்தே தெரியும். மற்ற நடிகர்களுக்குக் கடைசியில்தான் சொல்லியிருக்கிறார்கள்.

திரும்பப் பார்க்கும்போது, கோமாளிப் படங்கள் நிறைந்த அந்த வீடு, எந்தப் பக்கம் திரும்பினாலும் உறைந்த தயிர் விற்கும் கடைகள், முடிவெடுக்கவே முடியாத சிடியிடம் ஓயாமல் முடிவு கேட்பது என்று எல்லாம் கண்ணெதிரே இருந்திருக்கிறது. ஆனால் இந்தத் தொடரை நான்காவது முறையும் பார்க்க வைத்தது அந்தக் கண்டுபிடிப்புகள் இல்லை. ரகசியம் உடைந்த பிறகும் எலனோர் படிப்பதை நிறுத்தவில்லை என்பதுதான். நினைவை அழித்து மறுபடியும் மறுபடியும், நூற்றுக்கணக்கான தடவை முதலிலிருந்து தொடங்கினாலும் அவள் சிடியைத் தேடிப் போய் உதவி கேட்கிறாள்.

மூன்றாவது சீசனில் அவர்கள் பூமிக்குத் திரும்பும் பகுதி தொய்வு. அதைப் பொறுத்துக்கொண்டால், பின்னால் ரோஜாப்பூக் கணக்கு வருகிறது. இந்தக் கதையில் செய்யும் ஒவ்வொரு செயலுக்கும் புள்ளி உண்டு, அதை வைத்துத்தான் சொர்க்கமா நரகமா என்று முடிவாகும். 1534இல் ஒருவர் தன் பாட்டிக்கு ரோஜாப்பூ கொடுக்கிறார், 145 புள்ளி கிடைக்கிறது. 2009இல் இன்னொருவர் அதையே செய்கிறார், நான்கு புள்ளி குறைகிறது. ஏனென்றால் அவர் பூவுக்குச் சொன்ன கைப்பேசி தொழிலாளிகளைக் கசக்கிப் பிழியும் ஆலையில் செய்யப்பட்டது, பூச்செடிக்கு நச்சு மருந்து அடிக்கப்பட்டது, பறித்தவர்களுக்குச் சரியான கூலி இல்லை. அரை மணி நேர நகைச்சுவைத் தொடர் ஒன்று இதைச் சொல்லும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. தத்துவம் கற்பிக்கும் இரண்டு பேராசிரியர்களை ஆலோசகர்களாக வைத்துக்கொண்டுதான் எழுதியிருக்கிறார்கள், அது தெரிகிறது.

மர்மம், நகைச்சுவை, குழந்தைகள் தொடர் என்ற மூன்று வகையையும் ஒரே கருவில் அடைத்த தொடர் ஒன்று இருக்கிறது, 1969இல் தொடங்கிய 'ஸ்கூபி-டூ'. நான்கு இளைஞர்கள், ஒரு வேன், பயந்தாங்கொள்ளி நாய். பேய் என்று ஊர் நடுங்கும், கடைசியில் முகமூடியைக் கழற்றினால் மனிதன். குழந்தைகளுக்குத் தைரியம் கொடுக்க இதைவிட நல்ல கரு கிடையாது. ஆறு வயதில் என் மகள் இருட்டில் தண்ணீர் குடிக்கப் போகக் கற்றுக்கொண்டது இதைப் பார்த்துத்தான்.

அவளோடு பார்த்தவற்றில் என்னை அதிகம் மாற்றியது 'அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்'. நிக்கலோடியனில் 2005 முதல் 2008 வரை வந்த அனிமேஷன் தொடர், மூன்று சீசன், 61 எபிசோடுகள். நீர், நிலம், நெருப்பு, காற்று என்று நான்கு நாடுகள். நெருப்பு நாடு போர் தொடுத்து உலகையே பிடிக்கப் பார்க்கிறது. அதைத் தடுக்க வேண்டிய ஆங் என்ற சிறுவன் நூறு ஆண்டுகள் பனிக்கட்டிக்குள் உறைந்து கிடந்துவிட்டு எழுகிறான். ஒவ்வொரு நாட்டிலும் சிலர் தங்கள் நீரையோ நெருப்பையோ உடல் அசைவால் ஆட்டுவிப்பார்கள், அந்த அசைவுக்கு ஒரு சீனத் தற்காப்புக் கலையை அடித்தளமாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். நீருக்குத் தாய் சி, நெருப்புக்கு வடக்கு ஷாவ்லின். அதனால் சண்டையைப் பார்க்கும்போதே ஆளின் குணம் தெரிந்துவிடுகிறது.

ஏழு வயதில் அவள் பார்த்தது ஆங்கின் கதை. பறக்கும் காட்டெருமையின் கதை என்றுகூடச் சொல்லலாம். நானும் நோட்டில் ஆங்கைத்தான் எழுதியிருந்தேன். பதினான்கு வயதில் மறுபடி பார்த்துவிட்டு, என் வரியை அடித்துத் தன் கையெழுத்தில் இப்படி எழுதி வைத்தாள்: "நூறு ஆண்டாக யாருமே காணாத ஒருவனைப் பிடித்து வந்தால்தான் வீட்டுக்குள் விடுவேன் என்று ஓர் அப்பா தன் மகனைத் துரத்திவிடுகிறார்." அது நெருப்பு நாட்டு இளவரசன் ஜூக்கோவின் கதை. போர் ஆலோசனையில் வீரர்களைப் பலிகொடுக்கும் திட்டத்தை எதிர்த்துப் பேசினான், தந்தையோடு மோத மறுத்து மண்டியிட்டான், தந்தை அவன் முகத்தையே எரித்தார். இது முதல் சீசனின் பன்னிரண்டாவது எபிசோடில்தான் தெரியவருகிறது. அதுவரை அவன் வில்லன். "அம்மா, இது கொடுக்கப்பட்ட வேலையே இல்லை, திரும்பி வராதே என்று சொன்ன விதம்" என்றாள்.

ஜூக்கோவோடு கூடவே போகும் பெரியப்பா ஐரோவைப் பற்றிப் பேசத் தொடங்கினால் இந்தக் கட்டுரை போதாது. ஒன்றை மட்டும் சொல்கிறேன். அவரை நம்பவைத்துக் கைவிட்ட ஜூக்கோ, மன்னிப்புக் கேட்க அவருடைய கூடாரத்துக்கு வருகிறான். அவர் தூங்குகிறார். எழுப்பாமல் இரவு முழுதும் உட்கார்ந்திருக்கிறான். விடிந்ததும் முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பவரிடம் அழுதுகொண்டே பேசத் தொடங்குகிறான். பேச்சு முடியும் முன்பே அவர் அவனை இழுத்து அணைத்துக்கொள்கிறார். எனக்கும் மகளுக்கும் ஏதாவது மனத்தாங்கல் வந்து இருவரும் பேசாமல் இருக்கும் நாட்களில், அவள் வரவேற்பறையில் இந்தக் காட்சியைப் போட்டுவிடுவாள். நான் சமையலறையிலிருந்து வந்து பக்கத்தில் உட்கார்வேன். கட்டத்தில் ஐந்து.

கட்டத்தில் எண்ணவே விட்டுவிட்ட தொடர் ஒன்றுதான், 'கொலம்போ'. ரிச்சர்ட் லெவின்சன், வில்லியம் லிங்க் இருவரும் உருவாக்கியது. துப்பறியும் போலீஸ் அதிகாரி கொலம்போவாக நடிகர் பீட்டர் ஃபாக் 1968இல் முதன்முதலாக அந்தக் கசங்கிய மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார், 2003 வரை 69 எபிசோடுகள். யார் கொலையாளி, எப்படிச் செய்தார் என்பதை முதலிலேயே முழுதாகக் காட்டிவிடுவார்கள். பணக்காரர், படித்தவர், தன் அறிவில் கர்வம் உள்ளவர். பிறகு கொலம்போ வருவார், தலையைச் சொறிந்துகொண்டு சம்பந்தமில்லாததைக் கேட்பார், வாசல்வரை போய்விட்டு இன்னும் ஒரே ஒரு விஷயம் என்று திரும்புவார்.

இதை என் அம்மாவோடுதான் பார்க்கிறேன். அம்மாவுக்கு ஆங்கிலம் ஓரளவுதான் புரியும், சப்டைட்டிலைப் படிக்கக் கண் ஒத்துழைக்காது. மற்ற மர்மத் தொடர்களில் யார், எவர் என்று நான் சொல்லிக்கொண்டே வர வேண்டும். இதில் அந்த வேலையே இல்லை. கொலை நடந்ததை அவரே பார்த்துவிட்டார். அதற்குமேல் இரண்டு முகங்களைப் பார்த்தால் போதும். "கோட்டுக்காரருக்குத் தெரிந்துவிட்டது, அவனுக்குத்தான் தெரியவில்லை" என்பார். இத்தனை எபிசோடுகளில் ஒருமுறையும் காட்டப்படாத கொலம்போவின் மனைவியைப் பற்றி அவருக்கு இன்றும் கவலை உண்டு.

1973இல் வந்த ஒயின் தயாரிப்பாளர் கதைதான் அம்மாவுக்குப் பிடித்தது. டொனால்ட் பிளசன்ஸ் நடித்தது. திராட்சைத் தோட்டத்தை விற்கப்போவதாகச் சொன்ன தம்பியை அடித்துப்போட்டு, ஒயின் அறைக்குள் கட்டிவைத்து, குளிர்சாதனத்தை நிறுத்திவிட்டு ஊருக்குப் போய்விடுகிறார். அந்த வாரம் கடுமையான வெயில். பிறகு ஓர் உணவு விடுதியில் கொலம்போ விருந்து வைக்கிறார். பழைய ஒயின் ஒன்று வருகிறது. ஒரு வாய் குடித்ததும் இவர் எழுந்து கத்துகிறார், வெப்பம் பட்டுக் கெட்டுப்போன ஒயினை எப்படிப் பரிமாறலாம் என்று. அந்த பாட்டில் இவருடைய அறையிலிருந்தே எடுத்து வரப்பட்டது. உலகத்தில் வேறு எவருக்கும் அந்தச் சுவை மாற்றம் தெரிந்திருக்காது.

அம்மா அந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் ஒரே வார்த்தைதான் சொல்வார்: "சமைக்கத் தெரிந்தவன் நாக்குப் பொய் சொல்லாது." நாற்பது ஆண்டு தன் கையால் சாம்பார்ப் பொடி அரைத்தவர் சொல்வது. அதன்பின் காரில் கொலம்போவும் கைதானவரும் அருகருகே உட்கார்ந்திருப்பார்கள். கொலம்போ தான் கொண்டுவந்த நல்ல ஒயினை எடுத்து ஊற்றிக் கொடுப்பார். அவர் முகர்ந்து பார்த்து, நன்றாகத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள் என்று தலையசைப்பார்.

புதிதாகப் பார்ப்பவர்கள் இந்த எபிசோடிலிருந்தே தொடங்கலாம், வரிசை முக்கியமில்லை. 1971 முதல் 1978 வரை வந்தவை எல்லாமே பார்க்கத் தகுந்தவை. 1989க்குப் பிறகு வந்தவற்றில் பலவற்றை நான் தாண்டிப் போய்விடுகிறேன், அம்மா அவற்றையும் விடுவதில்லை. நேற்று இரவுகூட ஒன்பதரைக்குச் சாப்பாட்டுத் தட்டைக் கழுவிவைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். "அந்தத் திராட்சைத் தோட்டக்காரனைப் போடு" என்றார்.