நாவல் கொட்டை மதர் டிங்சர் என்று 4,850 ரூபாய் போச்சு, உஷார்

4,850 ரூபாய். சர்க்கரைக்கு ஹோமியோபதி மருந்து என்று ஆன்லைனில் விற்கும் ஒரு தளத்துக்குக் கட்டிய பணம். வந்தது சர்க்கரைப் பாகு.

அப்பாவுக்குப் பல வருஷமாகச் சர்க்கரை. நாவல் கொட்டையை நிழலில் உலர்த்தி இடித்து மோரில் கலக்கிக் குடிப்பது எங்கள் வீட்டில் பாட்டி காலத்திலிருந்தே உண்டு, ஈறு வீங்கினால் நாவல் பட்டைக் கஷாயத்தில் வாய் கொப்பளிக்கச் சொல்வார்கள். அதே கொட்டையை ஆல்கஹாலில் ஊறவைத்து இறக்குவதுதான் ஹோமியோபதியில் சைஜிஜியம் ஜம்போலானம் மதர் டிங்சர். விளம்பரத்தில் நாவல் பழத்தைப் பார்த்ததும் அப்பாவுக்குத் தெரிந்த மருந்து மாதிரி ஆகிவிட்டது.

ஆனால் விழ வைத்தது அந்த ஃபோன்தான். எடுத்த எடுப்பில் "அப்பா, சாப்பிட்டீங்களா?" என்று ஆரம்பித்தார் ஒரு பெண். ரிப்போர்ட்டை வாட்ஸப்பில் வாங்கிக்கொண்டு, கொஞ்ச நேரத்தில் திரும்பக் கூப்பிட்டு, "டாக்டர் பார்த்துட்டார், உங்க உடம்பு வாகுக்கு மூணு பாட்டில் போதும்ப்பா, அப்புறம் இங்கிலீஷ் மாத்திரையே வேண்டாம்" என்று உருகி உருகிப் பேசியிருக்கிறார். எந்த டாக்டர், பதிவு எண் என்ன, ஒன்றும் கிடையாது. பெற்ற பிள்ளைகூட இப்படி விசாரிப்பதில்லையாம், அப்பா இன்னமும் சொல்கிறார். அன்றைக்கே 4,850 ரூபாய் போய்விட்டது.

பார்சலில் 100 மில்லி பாட்டில் மூன்று. லேபிளில் பழத்தின் படம் மட்டும் பெரிதாக. தயாரிப்பாளர் பெயர் இல்லை, உரிம எண் இல்லை, பேட்ச் எண் இல்லை, அடியில் ஒரு மெயில் முகவரி. மதர் டிங்சர் என்றால் மூடியைத் திறந்ததுமே ஸ்பிரிட் நெடி அடிக்கும். இதில் மூடி பிசுபிசுவென்று பாட்டில் கழுத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது, விரலில் தொட்டு நாக்கில் வைத்தால் தித்திக்கிறது! மாத்திரையை நிறுத்திவிட்டு இதைக் குடித்த மனுஷருக்கு வெறும் வயிற்றில் 290.

கூப்பிட்டுக் கேட்டால், "முதல்ல ஏறித்தான் சார் இறங்கும், மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம்." அப்புறம், சீல் உடைத்ததைத் திருப்பி எடுக்க மாட்டார்களாம். அப்புறம் மேனேஜர் கூப்பிடுவாராம், எங்கே கூப்பிட்டார்? கடைசியில் அடுத்த ஆர்டருக்குப் பத்து சதவீதத் தள்ளுபடி கூப்பன் அனுப்பினார்கள் பாருங்கள், அதற்கு நான் எழுதிய பதிலை இங்கே போட முடியாது, உடனே நம்பரை பிளாக் பண்ணிவிட்டார்கள். சாப்பிட்டீங்களா என்று கேட்ட குரலையும் காணோம், 4,850 ரூபாயையும் காணோம்.

போலியைக் கண்டுபிடிப்பது எப்படி என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இருக்கிற எரிச்சலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 12 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள ஹோமியோபதி மருந்தைச் சில்லறையில் 30 மில்லிக்குப் பெரிய பாட்டிலில் விற்க நம் நாட்டு விதியில் இடமில்லை, அதனால் 100 மில்லி மதர் டிங்சர் என்றாலே தள்ளி நில்லுங்கள். உரிம எண், பேட்ச் எண் இல்லாததைத் தொடாதீர்கள். சர்க்கரையைக் குணமாக்கும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதே 1954ஆம் வருஷச் சட்டப்படி குற்றம். முக்கியமாக, உங்கள் டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்தாயிற்று. சீல் உடைக்காத மூன்றாவது பாட்டிலை மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு எடுத்துப் போகிறேன். இதே மாதிரி மாட்டியவர்கள் பாட்டிலையும் பில்லையும் தூக்கிப் போடாதீர்கள்.