டிரான்ஸ்மிஷன் ஃபிளஷ் என்று 389 டாலர் வாங்கினார்கள். ஆயில் தேங்கும் சம்ப்பைக் கழற்றவே இல்லை

ஹூஸ்டன் பக்கம் பழைய பிக்கப் வைத்திருக்கும் நண்பர்கள் இதைப் படித்துவிட்டு ஆயில் மாற்றப் போவது நல்லது. நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கும் விரைவு ஆயில் கடை ஒன்றில் டிரான்ஸ்மிஷன் ஃபிளஷ் (கியர்பாக்ஸின் பழைய ஆயிலை வெளியேற்றிப் புதிது நிரப்புவது), ஃபில்டர், கேஸ்கட் (ஆயில் கசியாமல் அடைக்கும் பட்டை), கூடவே ‘கண்டிஷனர்’ என்று ஒரு பாட்டில், எல்லாம் சேர்த்து என்னிடம் 389 டாலர் வாங்கினார்கள். அதில் ஃபில்டரும் கேஸ்கட்டும் என் வண்டிக்குள் போகவே இல்லை. ஆயிலும் அரைகுறையாகத்தான் மாறியது. ஊற்றியதும் இந்த வண்டிக்கு உரிய ஆயில் இல்லை.

வண்டி 2012 ஃபோர்டு எஃப்-150. ஓடோமீட்டர் 1,60,000 மைலைத் தாண்டிவிட்டது, அதாவது இரண்டரை லட்சம் கிலோமீட்டருக்கு மேல். வார இறுதிகளில் சமையல் பாத்திரங்களும் மடக்கு மேசைகளும் ஏற்றிய டிரெய்லரை இழுக்கிற வண்டி. உள்ளே இருப்பது 6ஆர்80 என்கிற ஆறு கியர் ஆட்டோமேட்டிக். சாதாரண ஓட்டத்துக்கு 1,50,000 மைலில் ஆயிலும் ஃபில்டரும் மாற்றச் சொல்கிறது கம்பெனிக் கையேடு. டிரெய்லர் இழுப்பவர்கள் அதற்கு வெகு முன்பே மாற்ற வேண்டும். ஆக, இல்லாத வேலையைச் சொல்லி என்னை ஏமாற்றவில்லை. செய்தே தீர வேண்டிய வேலையைச் சொல்லி ஏமாற்றினார்கள். அதனால்தான் இதைக் கண்டுபிடிப்பது கடினம்.

நான் போனது என்ஜின் ஆயில் மாற்ற. சற்று நேரத்தில் கடை இளைஞர் ஒருவர் வெள்ளைக் காகிதத்தில் இரண்டு சொட்டு எண்ணெயோடு வந்தார். ஒன்று மாதுளைச் சாறு போல் சிவப்பு, மற்றொன்று கன்னங்கரேல். “கறுப்பு உங்கள் டிரான்ஸ்மிஷனுடையது சார், இப்படியே ஓட்டினால் ஐயாயிரம் டாலர் செலவு வைக்கும்” என்றார். வண்டியின் பானெட் மட்டும்தான் திறந்திருந்தது. இந்த மாடலில் பானெட்டுக்குள் டிரான்ஸ்மிஷன் ஆயில் பார்க்கும் குச்சியே கிடையாது! அது வண்டிக்கு அடியில், கியர்பாக்ஸின் பக்கவாட்டில், கொதிக்கும் புகைக்குழாயை ஒட்டினாற்போல் ஒரு மூடிக்குள் குட்டையாக இருக்கிறது. எடுக்க ஸ்பேனர் வேண்டும், கை சுடாமல் எடுக்கப் பழக்கமும் வேண்டும். அந்தக் கறுப்புச் சொட்டு என்ஜின் குச்சியிலிருந்து வந்ததாகத்தான் இருக்க வேண்டும்.

பணம் கட்டி வந்த பிறகுதான் வண்டிக்குக் கோளாறே வந்தது. காலையில் ரிவர்ஸ் போட்டால் வண்டி யோசித்துவிட்டுப் பின்னால் நகர்ந்தது. மேம்பாலத்தில் டிரெய்லரோடு ஏறும்போது என்ஜின் மட்டும் இரைந்தது, வேகம் கூடவில்லை. நாற்பது மைல் வேகத்தில் வண்டி முழுக்க ஒரு நடுக்கம். கடைக்குத் தொலைபேசியில் சொன்னால், “பழைய வண்டி, புது ஆயில் பழகக் கொஞ்சம் நாளாகும்” என்றார்கள். ஆயில் பழகுமாம்.

பிறகு டிரான்ஸ்மிஷன் வேலை மட்டுமே பார்க்கும் ஒரு சிறு பட்டறைக்குக் கொண்டுபோனேன். வயதான மெக்கானிக். வண்டியை லிஃப்டில் ஏற்றியதும் ஒரு விளக்கைப் பிடித்துக்கொண்டு என்னை அடியில் வரச் சொன்னார். கியர்பாக்ஸின் அடித் தட்டான சம்ப்பைச் சுற்றியுள்ள போல்ட்டுகளைக் காட்டினார். ஒவ்வொன்றின் தலையும் அதைச் சுற்றியுள்ள விளிம்பும் ஒரே சேறும் எண்ணெய்ப் பிசுக்குமாக ஒட்டி இறுகியிருந்தன. ஸ்பேனர் பட்டிருந்தால் போல்ட்டின் மூலைகளிலாவது இரும்பு பளிச்சென்று தெரிய வேண்டும். ஒன்றில்கூடத் தெரியவில்லை. இந்த கியர்பாக்ஸில் ஃபில்டர் சம்ப்புக்கு உள்ளே இருக்கிறது. சம்ப்பை இறக்காமல் அதைத் தொட வழியே இல்லை. அந்தப் போல்ட்டுகளைப் படம் எடுத்து வைத்துக்கொண்டேன். பின்னால் எனக்குக் கைகொடுத்தது அந்தப் படம்தான்.

ஆயிலை நன்றாகச் சூடேற்றி, என்ஜின் ஓடும்போதே அளவு பார்த்தார். குச்சியின் நுனியில்கூட ஒட்டவில்லை. சம்ப்பை இறக்கியபோது வந்த ஆயில் பழுப்பு நிறம். என் பில்லில் “12 குவார்ட் புதிய ஆயில், முழு மாற்றம்” என்று அச்சாகியிருக்கிறது (ஒரு குவார்ட் ஏறக்குறைய ஒரு லிட்டர்). என்ஜினின் சுழற்சியை ஆயில் வழியாகக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரையும் சேர்த்து இந்த கியர்பாக்ஸின் மொத்தக் கொள்ளளவே ஏறக்குறைய 13 குவார்ட்தான். பன்னிரண்டு உண்மையிலேயே மாறியிருந்தால் வருவது சிவப்பாக இருந்திருக்கும்.

சம்ப்பின் அடியில் இருந்த காந்தத்தில் சாம்பல் நிறத்தில் மெல்லிய குழம்பு படிந்திருந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. மெக்கானிக் அதை விரலால் வழித்துத் தேய்த்துப் பார்த்து, “இது சாதாரணத் தேய்மானம், பயப்படாதீர்கள். விரலில் குத்துகிற இரும்புச் சில் வந்தால்தான் பயம்” என்றார். கேஸ்கட்டும் கிழியாமல் இருந்ததால் அதையே திரும்பப் போட்டார். அது மறுபடி பயன்படுத்தக்கூடிய வகையாம். கடை பில்லில் அதற்கு மட்டும் 28 டாலர்.

கடைக்காரர்கள் ஊற்றியது ‘எல்லா வண்டிக்கும் ஏற்றது’ என்கிற ரகம். இந்த கியர்பாக்ஸுக்கு மெர்கான் எல்வி என்ற தரம்தான் வேண்டும். பெயர் கிட்டத்தட்ட ஒன்றுபோல் இருப்பதால் சிலர் மெர்கான் வி ஊற்றிவிடுகிறார்கள். அது கெட்டியானது, பழைய தலைமுறை கியர்பாக்ஸுகளுக்கானது. ஆட்டோமேட்டிக்கில் ஆயில் உயவுக்கு மட்டும் இல்லை. கிளட்சுகளை அழுத்துவதும் அதன் அழுத்தம்தான், அவை எவ்வளவு பிடிக்க வேண்டும், எவ்வளவு வழுக்க வேண்டும் என்பதும் அதில் கலந்துள்ள வேதிப்பொருளைப் பொறுத்தது. ரகம் மாறினால் நடுக்கம் வரலாம், அளவு குறைந்தால் வழுக்கும். எனக்கு இரண்டுமே வந்தன.

“அதிகம் ஓடிய வண்டியில் ஆயிலை மாற்றினால் கியர்பாக்ஸ் போய்விடும்” என்று நம்மவர்கள் பலர் சொல்வதையும் அவரிடம் கேட்டேன். ஏற்கெனவே கிளட்ச் தேய்ந்து வழுக்குகிற வண்டியைக் கடைசி நேரத்தில் கொண்டுவந்து ஆயில் மாற்றுவார்கள், அது எப்படியும் போகத்தான் போகும், பழி புது ஆயில் மீது விழும் என்று சிரித்தார். நன்றாக ஓடுகிற பழைய வண்டிக்கு அவர் சொல்வது: சம்ப்பை இறக்கு, ஃபில்டரை மாற்று, இறங்கிய அளவுக்கு ஊற்று, கொஞ்சம் ஓட்டிவிட்டு இன்னொரு முறை செய். ஒருமுறை இறக்கினால் பாதி ஆயில்தான் வரும் என்பதால் இரண்டாம் தடவை. எனக்கும் அப்படித்தான் செய்தார். நடுக்கம் நின்றுவிட்டது.

இன்னொன்று: 2011 முதல் 2014 வரையிலான எஃப்-150 வண்டிகளில், ஓடும்போதே முதல் கியருக்கு இறங்கிவிடும் கோளாறுக்காக ஃபோர்டு ரீகால் (வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சரிசெய்வது) அறிவித்திருக்கிறது. உங்கள் வண்டியின் 17 இலக்க அடையாள எண்ணை அமெரிக்க மத்திய அரசின் சாலைப் பாதுகாப்பு நிறுவனத் தளத்தில் போட்டால் உங்களுடையது அதில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். அந்தப் பழுதை இலவசமாகச் சரிசெய்வார்கள். வெளிக் கடையில் காசு கொடுக்காதீர்கள்.

பணத்துக்கு வருவோம். கலிபோர்னியாவில் வாகனப் பழுதுக் கடைகளைக் கண்காணிக்க மாநிலப் பணியகமே உண்டு. வேலை ஒப்புக்கொள்ளும்போதே கேட்டால், சில விதிவிலக்குகள் தவிர, கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தந்தாக வேண்டும். டெக்சஸில் அப்படிப்பட்ட பணியகம் கிடையாது. ஆகவே, பழைய ஃபில்டர் எனக்கு வேண்டும் என்று முன்கூட்டியே பில்லில் எழுதி வாங்குங்கள். ஆயில் பாட்டிலில் தரத்தின் பெயரைக் கண்ணால் பாருங்கள். அளவை எந்தச் சூட்டில் பார்ப்பீர்கள் என்று கேளுங்கள். விழித்தால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

கடை மேலாளர் படங்களைப் பார்த்துவிட்டு, “பில்லில் ஃபில்டரைக் கணினிதான் தானாகச் சேர்க்கிறது” என்றார். தானாகச் சேர்க்கிற கணினிக்குத் தானாகக் கழிக்கத் தெரியவில்லை. சமாதானத்துக்கு ஓர் இலவச ஆயில் மாற்றக் கூப்பன் நீட்டினார். வாங்கவில்லை. கிரெடிட் கார்டு வங்கிக்குப் படங்களோடும் இரண்டு பில்களோடும் எழுத்தில் புகார் அனுப்பினேன். பில்லிங் தகராறுக்கு, அந்தத் தொகை இடம்பெற்ற முதல் ஸ்டேட்மென்ட் அனுப்பப்பட்ட 60 நாட்களுக்குள் எழுத்துப் புகார் வங்கிக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது 1974ஆம் ஆண்டுச் சட்டம். ஃபில்டர், கேஸ்கட் தொகை திரும்பி வந்துவிட்டது. ஆயிலுக்கும் ஃபிளஷுக்கும் வாங்கியதை வங்கி ஏற்கவில்லை. ‘ஏதோ வேலை நடந்திருக்கிறது’ என்கிறார்கள். அதற்கு டெக்சஸின் ஏமாற்று வணிகத் தடுப்புச் சட்டப்படி, வழக்குக்கு முன் கொடுக்க வேண்டிய 60 நாள் நோட்டீஸைப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். பதில் வராவிட்டால் சிறு வழக்குகளை விசாரிக்கும் ஜஸ்டிஸ் கோர்ட்டில் தாக்கல் செய்வேன். 20,000 டாலர் வரையிலான வழக்குகளை அங்கே வக்கீல் இல்லாமலே நடத்தலாம்.